பிளக்காத தலை

"அந்தத் தலைய எனக்குப் போடும்மா."

அம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. காலையிலிருந்து அவள் சொன்னது இது ஒன்றைத்தான்: மீன் தலை மாப்பிள்ளைக்கு, மறந்தும் வாயைத் திறக்காதே.

கல்யாணத் தேதி குறிக்க வந்திருந்தார்கள், சரத்தும் அவன் அப்பா இராமசாமியும்.

"கல்யாணத்துக்கு அப்புறம் அந்தக் கடல்ல முங்குற வேலையெல்லாம் வேணாம்லா. ஆபீஸ்ல உக்கார்ற மாதிரி ஏதாவது பாத்துக்கட்டும்" என்று இராமசாமி அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார்.

என் அப்பா தலையாட்டிவிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான், கடலுயிரியலில். அது கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள மட்டும்தான் போலிருக்கிறது.

அம்மா தலையை அள்ளி என் தட்டில் வைத்தாள்.

களவா மீன். குழம்பில் வெந்தும், அதன் ஆரஞ்சுப் புள்ளிகள் கன்னத்தில் மங்கலாக மிச்சம் இருந்தன.

தலை முழுசாக இருந்தது. டெக்கா மார்க்கெட்டில் குழம்புக்கு என்றாலே, கேட்காமல் இரண்டாகப் பிளந்துவிடுவார்கள். கடைக்காரர் மறந்திருப்பார்.

சதையை நான் தொடவில்லை. செவுளை விலக்கி, மண்டைக்கு அடியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். எலும்பு விட்டுக்கொடுத்தது.

"சாப்பிடுறீங்களா, ஆபரேஷன் பண்றீங்களா?" என்றான் சரத். என் அப்பா மட்டும் சிரித்தார்.

மூளைக்கு இரு பக்கமும் ஒவ்வொன்று. வெள்ளரி விதை வடிவில் வெள்ளைக் கல். மீனின் காதுக்குள் இருந்துகொண்டு, எது மேல், எது கீழ் என்று அதற்குச் சொல்லும் கல்.

ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ எடுத்திருக்கிறேன். இவ்வளவு பெரிதாக ஒன்றைப் பார்த்ததில்லை.

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கோடுகள். மரத்துக்கு வளையம் போல, வருஷத்துக்கு ஒன்று. நடுவில் அகலம் அகலமாக. ஓரத்துக்கு வர வர நெருங்கி, இன்னும் நெருங்கி, கண்ணுக்குப் பிடிபடாமல்.

அதுவரை இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

தலைக்கு மேலே கப்பல்கள் வரிசைகட்டி நிற்க, கலங்கிய கடலுக்கு அடியில், பவளப்பாறைப் பொந்து ஒன்றைப் பிடித்துக்கொண்டு இந்த மீன் இருந்திருக்கிறது. பாறையோடு பாறையாக நிறம் மாறி, அசையாமல். வாயைத் திறந்தால் தண்ணீரோடு இரையும் உள்ளே. இத்தனை வருஷம்.

"இது பொண்ணாப் பொறந்துச்சு" என்றேன். யாரிடம் என்று தெரியாமலே. "களவா எல்லாம் அப்படித்தான். முட்டை போட்டு, வளந்து, பெரிசானதுக்கு அப்புறம்தான் ஆம்பளையா மாறும்."

"சாப்பிடுற நேரத்துல என்னம்மா பேச்சு இது?" இராமசாமி முகத்தைச் சுளித்தார்.

"எனக்கு மாற வேண்டிய அவசியமில்ல அங்கிள். இப்படியே முங்குவேன்."

தட்டோடு எழுந்தேன்.

"உக்காருடி!" அப்பாவின் குரல் சமையலறை வரை கூடவே வந்தது.

கையைக் கழுவினேன். கல்லையும் கழுவினேன். கடல்பை காலையிலேயே கட்டி அறையில் தயாராக இருந்தது. மதியம் கடலில் தண்ணீர் இறங்கும். படகு காத்திருக்காது. தேதி குறித்தாலும் குறிக்காவிட்டாலும் போவதாகத்தான் இருந்தேன்.

அம்மா பின்னால் வந்து நின்றாள். திட்டப்போகிறாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

"பொளக்காதன்னு சொல்றதுக்குள்ள கத்திய ஓங்கிட்டான், பாவி. உன் கல்லு உடைஞ்சிருமேன்னு தடுத்தேன்" என்றாள், கூடத்துக்குக் கேட்காத குரலில். "ரெண்டு கல்லும் உடையாம இருக்கா?"

கையை விரித்துக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒன்றை அவள் உள்ளங்கையில் வைத்தேன். மற்றதை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு, பையைத் தோளில் மாட்டி, கூடத்தைக் கடந்து கதவைத் திறந்தேன்.