அருளப்பனின் முக்காலி

முழங்கால்கள் இரண்டையும் ஒட்டிவைத்தபடி அருளப்பன் ஆஸ்பத்திரி முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அதைத் தன் மேசையிலிருந்து அவள் மட்டும்தான் கவனித்தாள்.

"பி.பி. நூத்தி எண்பத்தெட்டு, ரொம்ப அதிகம். இன்னைக்கும் கண் ஆபரேஷன் கிடையாது. அடுத்த மாசம் வாங்க," என்றான் பக்கத்து மேசைப் பயிற்சி டாக்டர். சட்டைக் கையின் மேலேயே பி.பி. பட்டையைச் சுற்றியிருந்தான்.

"போன மாசமும் இதே கதைதான் சார்," என்றாள் தையல்காரர் அருளப்பனின் மனைவி. "ஊசியில நூல் கோக்க நான் போகணும். தைக்கிறது யாருன்னு கடைக்கு வர்றவங்க கேக்குறாங்க."

சுவரோரம், புருவத்துக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டியவர்கள் ஆபரேஷனுக்குக் காத்திருந்தார்கள்.

முழங்கால்களைக் கவனித்தவளும் பயிற்சி டாக்டர்தான். அவனோடு ஒரே வகுப்பு.

தலையிடலாமா?

எழுந்து வந்தாள்.

"ஐயா, பாத்ரூம் போனீங்களா?"

அருளப்பன் தலை குனிந்தார். "காலையிலேருந்து போகலம்மா. எழுந்தா இடம் போயிரும்."

"போயிட்டு வாங்க. அடக்கி வச்சா பி.பி. ஏறும். இடத்துல நான் உக்காந்திருக்கேன்."

அவர் எழுந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

"டாக்டருக்கே டோக்கன் குடுத்துட்டாங்கப்பா!" என்றது வரிசை.

சிரிப்பு. அவள் முகம் சூடானது. எழவில்லை.

திரும்பி வந்தவரை நாற்காலியில் முதுகு சாய்த்து உட்காரவைத்தாள். பாதங்கள் தரையில். சட்டையை மேலேற்றிய கை மேசைமேல், நெஞ்சின் உயரத்தில்.

"கொஞ்ச நேரம் யாரும் இவர்கிட்ட பேசாதீங்க."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

காத்திருந்தார்கள்.

பட்டையைச் சுற்றினாள். ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் வைத்தாள்.

எடுத்துவிட்டாள்.

"நீ பாரு," என்று அவனிடம் நீட்டினாள். "எனக்குக் குறையணும்னு ஆசை. குறைஞ்ச மாதிரியே கேக்கும்."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு உட்கார்ந்தான்.

முள் மெதுவாக இறங்கியது. அவன் இவ்வளவு மெதுவாகக் காற்றை விட்டு அவள் பார்த்ததில்லை.

கொஞ்சம் பொறுத்து, மறுபடியும்.

அளவு இறங்கியிருந்தது. பிளாஸ்திரிச் சுருளை எடுத்தான்.

"எந்தக் கண்ணுங்க ஐயா?"

"வலது கண்ணு."

வலது புருவத்துக்கு மேல் ஒரு துண்டு ஒட்டினான். ஓரங்களை விரலால் அழுத்தினான்.

அடுத்து வந்த அம்மாள் முக்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அவன் பட்டையை எடுக்கவில்லை.

"நீங்களும் போயிட்டு வாங்கம்மா," என்றான்.

முக்காலி காலியானது.

கொஞ்ச நேரம்தான்; அவன் போய் அதில் உட்கார்ந்தான்.