மூன்று சுற்று டேப்

பிரஸ் மெஷினின் பாதுகாப்புக் கதவு திறந்தே கிடக்கிறது. பேனலின் பச்சை விளக்கோ கதவு மூடியிருப்பதாகச் சாதிக்கிறது. காலையிலிருந்து மூன்றாவது முறையாக எலக்ட்ரீஷியன் இந்தப் பக்கம் வருகிறான். கதவு சென்சாரை ஏமாற்ற ஒரு காந்தத்துண்டு, அதன்மேல் மூன்று சுற்று சிவப்பு டேப். போன வாரம் அவனே சுற்றியது. நாலு நொடிக்கொருதரம் பேனலுக்குள் ரிலே சுவிட்ச் டிக்கென்கிறது, பிரஸ் இறங்கி ஏறுகிறது. இடையில், அந்த மெஷினை ஓட்டும் அவன் தங்கையின் கை உள்ளே போய்த் தகடு வைத்துவிட்டு வருகிறது. டிக். அவன் நகம் டேப்பின் நுனியைத் தேடுகிறது. டிக். ஸ்க்ரூடிரைவரால் நெம்பக் காந்தம் பெயர்கிறது, பச்சை அணைகிறது, பிரஸ் பாதியில் நிற்கிறது. “கதவ சாத்தித் தொறக்க நேரமில்லன்னுதானே ஒட்டித் தரச் சொன்னேன். இப்ப ஏண்ணே நிறுத்துறே?” கையை உள்ளேயே வைத்துக்கொண்டு கேட்கிறாள். காந்தம் அவன் ஸ்க்ரூடிரைவரில் ஒட்டிக்கொண்டு, உதற உதற விழ மாட்டேன் என்கிறது.