நாலாவது பிர்கிட்டா

"பிர்கிட்டா," என்றாள் என் மகள். மூன்றாவது தடவை.

அதிகாரி என்னைப் பார்த்தார்.

மேசையில் சுவீடன் பாஸ்போர்ட் விரிந்து கிடந்தது. கொழும்பில் பிறந்து, சுவீடனில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் தத்தெடுத்து வளர்க்கும் பிள்ளையின் படமும் பிர்கிட்டா என்ற பெயரும் அதில் இருந்தன. ஆறு வயது. என் மகளுக்கும் ஆறு வயது. முகமும் கிட்டத்தட்ட ஒத்திருந்தது. அதற்காகத்தான், காசுக்கு ஆட்களை வெளிநாட்டுக்குக் கடத்தும் ஏஜென்சிக்காரன் அதை எடுத்திருந்தான்.

டொரொன்டோ விமான நிலையத்தின் அந்த அறையில் ஜன்னல் இல்லை. மணிக்கூடு இருந்தது. நாலே கால்.

வந்த விமானம் ஆறரைக்குத் திரும்புகிறது. பிள்ளை தன் சொந்தப் பெயரைத் தன் வாயால் சொல்லாவிட்டால் அதிலேயே ஏற்றி அனுப்பிவிடுவார்கள். களவாகக் கொண்டுவரப்பட்ட ஒரு சுவீடன் பிள்ளை. அதைத் தன் மகள் என்று கேட்டு நிற்கும் ஒரு தமிழன். அவர்களுக்கு அப்படித்தான் தெரிந்தது.

அவளுடைய பிறப்புச் சாட்சிப் பத்திரத்தை நீட்டினேன். உதவவில்லை. அதில் அவள் சுகிர்தா இரத்தினவேல். நான் இரத்தினவேல் மாமாங்கம். தகப்பனின் பெயரைப் பின்னால் போடுவது எங்கள் வழக்கம். அதிகாரிக்கு அது இரண்டு வேறு குடும்பம்.

தில்லையம்பலம் அண்ணை அதை விளங்கப்படுத்தினார். குடிவரவு அலுவலகத்தின் மொழிபெயர்ப்பாளர். ஒரு சொல் கூட்டமாட்டார், ஒரு சொல் குறைக்கமாட்டார். அவருக்கு முன்னால் இருமினால் அதையும் இங்கிலிஷில் இருமிக் காட்டுவார் என்று சனம் பகிடி விடும்.

நான் நாட்டை விட்டபோது மகளுக்கு இரண்டு வயது. என் முகம் அவளுக்குத் தெரியாது. குரல் தெரியும். ஸ்டொக்ஹோமில் ஒரு வீட்டில் அவளை மூன்று கிழமை வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிபோனில் பேசினேன்.

முதல் ஞாயிறு அந்தப் பெயரை அவள் ஏற்கவில்லை. "எனக்கு வேண்டாம். உது வேற ஆரோட பேர்."

டொரொன்டோவின் ரெக்ஸ்டேல் பக்கம் வேலை முடிந்த கையோடு நூலகத்துக்குப் போனேன். கலைக்களஞ்சியத்தில் அந்தப் பெயரைத் தேடினேன். அடுத்த ஞாயிறு அவளுக்குச் சொன்னேன்.

அறுநூறு வருசத்துக்கு முந்திய ஒரு சுவீடன் புனிதர். எட்டுப் பிள்ளைகள். ரோமாபுரிவரைக்கும் போனவர். கணவன் இறந்த பிறகுதான் போனார் என்று புத்தகத்தில் இருந்தது. அதை விட்டுவிட்டேன்.

சுவீடன் ராசாவின் அக்கா, ஜிம்னாஸ்டிக்ஸ் படித்த இளவரசி.

அந்தப் பெயரையே சுருக்கி வைத்திருந்த ஒரு பாட்டுக்காரி. அத்தனை வாத்தியத்துக்கும் மேலால், மைக் இல்லாமல் பாடுவார்.

அவள் யோசித்தாள். கடைசியாக ஒன்று கேட்டாள். ஓம் என்றேன். அதன் பிறகு அவள் அந்தப் பெயரை மறுக்கவில்லை.

ஏஜென்சிக்காரனுக்காக மகளை விமானத்தில் கூட்டி வந்த பேர்ணடெற் தன் வேலையைத் திருத்தமாகச் செய்திருந்தாள். ஆர் கேட்டாலும் அந்தப் பேர்தான், அப்பா எண்டு சொல்லிக்கொண்டு வாற ஆக்களை நம்பாதை என்று சொல்லிக் கொடுத்திருந்தாள். இப்போது பேர்ணடெற்றை வேறு அறையில் வைத்து விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பிள்ளை, நான்தான் அப்பா. இனி உங்கட பேரைச் சொல்லலாம்," என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவினமாம்."

தில்லையம்பலம் அண்ணை அதையும் மொழிபெயர்த்தார். அதிகாரி சிரிக்கவில்லை. நாலரை.

மகள் கதிரையில் நிமிர்ந்து இருந்தாள். கால் நிலத்தில் முட்டவில்லை.

"அப்ப சொல்லுங்கோ. உந்தப் பேர் ஆர் ஆருக்கு இருக்கு?"

அதிகாரியின் பேனா நின்றது.

புனிதரைச் சொன்னேன். அவள் ஒரு விரலை மடக்கினாள்.

இளவரசி. இரண்டாவது விரல்.

பாட்டுக்காரி. மூன்றாவது.

ஒவ்வொன்றும் இங்கிலிஷில் போய்ச் சேர்ந்தது.

நாலாவது விரல் மடங்காமல் நின்றது. அவள் என் வாயையே பார்த்தாள்.

அதிகாரியும் பார்த்தார். அவர் முழங்கைக்குக் கீழே என் பழைய அகதிக் கோப்பு திறந்திருந்தது.

"அம்மா," என்றேன்.

விரல் மடங்கியது.

அம்மாவும் உந்தப் பேரிலயோ கனடாவுக்கு வந்தவ? அதைத்தான் அன்று ரெலிபோனில் கேட்டிருந்தாள்.

"அவருடைய மனைவி," என்றார் தில்லையம்பலம் அண்ணை இங்கிலிஷில். ஒரு சொல் கூடவும் இல்லை, ஒரு சொல் குறையவும் இல்லை.

மகள் கதிரையிலிருந்து இறங்கினாள். அதிகாரியின் மேசை அவள் நாடிக்கு வந்தது.

"சுகிர்தா இரத்தினவேல்," என்றாள். பிறகு என்னைக் காட்டி, "இரத்தினவேல்," என்றாள்.

அதிகாரி பிறப்புப் பத்திரத்தை இழுத்துப் பார்த்தார். பாஸ்போர்ட்டை மூடினார். ஒரு படிவத்தை எடுத்து எழுதத் தொடங்கினார்.

மகள் என் கையைப் பிடித்தாள். கதவைப் பார்த்தாள்.

"அம்மா வெளியிலயோ நிக்கிறா?"

அதிகாரி நிமிர்ந்தார். பிள்ளை என்ன சொல்கிறது என்று கேட்டார்.

கோப்பில் பத்தொன்பதாவது கேள்வி அவருடைய முழங்கைக்கு நேரே இருந்தது. மனைவி: இறப்பு, 1985 ஒக்ரோபர். தமிழில் நான் எழுதிக் கொடுத்ததை இங்கிலிஷில் ஆக்கியவர் தில்லையம்பலம் அண்ணை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் போட்டார்.

"பிள்ளைக்குக் குளிருதாம்," என்றார் இங்கிலிஷில்.