மறதி தம்பிக்கு

அந்த நாள் தனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்று அக்காவுக்கே இப்போது சந்தேகம். மறதி தம்பிக்குத்தான். மூளை ஸ்கேன் எடுக்கப் படுத்ததும் அவன்தான். அவனுடைய மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் மடியில் வைத்துக்கொண்டு அவள் வெளியே காத்திருந்தாள்.

டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "ஞாபகத்துக்கான பகுதி சுருங்கியிருக்கு. எத்தனை நாளா மறதிம்மா?"

"எனக்கில்ல டாக்டர், இவனுக்கு."

தம்பி சிரித்தான். "இப்படித்தான் டாக்டர், ஒரே சாதிப்பு. இந்தாக்கா, உள்ள போறப்ப கழட்டிக் குடுத்தியே."

அவன் உள்ளங்கையில் அவளுடைய முத்துத்தோடுகள் இருந்தன. அவள் காதுகளைத் தொட்டுப் பார்த்தாள். அங்கேயும் இருந்தன.

மாத்திரை அக்காவுக்கு என்று முடிவாயிற்று. வேளை தவறாமல் சாப்பிடுகிறாள். வீட்டுக்கு வழி தெரியாமல் தெருமுனையில் நிற்கும் தம்பியைத் தினமும் கைப்பிடித்து அழைத்து வருவதும் அவள்தான்.