யாரும் பார்க்காத படம்

“நாங்க யாரும் அந்தப் படத்தப் பாக்கலம்மா. ஆனா தோட்டமே பேசுதே!” என்றார் திருவிழாக் குழுத் தலைவர் மரியநாயகம்.

அப்புத்தளைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். மாதா கோயில் திருவிழா நெருங்கிவிட்டது. இசை நிகழ்ச்சி நோட்டீசில் றொஷேலின் முகம்தான் பெரிதாக இருந்தது. பண்டாரவளை இசைக்குழுவில் பாடுகிறவள். தோட்டத்துக்கே பெருமை. அதாவது, போன வாரம் வரைக்கும்.

யாரோ ஒரு புண்ணியவான் அந்த முகத்தை ஏ.ஐ.யில் போட்டு, உடுப்பில்லாத படமாக்கி வாட்ஸ்அப்பில் விட்டிருந்தான்.

றொஷேல் கோயில் மண்டபத்தின் கடைசி பெஞ்சில் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். பேச வந்தது அம்மா மரியகொரட்டிதான். கொழுந்து பறித்த கையோடு வந்திருந்தாள்.

“பொய்ப் படம்ண்ணே அது. போலீசுலயும் சொல்லியிருக்கோம். இப்ப நீங்க பாட வேணாம்னு நிறுத்துனா, அது நெசம்னே ஆயிரும். ஞானஸ்நானத்துல இவள ஏந்துனவரு நீங்க. நீங்களே இப்படிச் சொல்லலாமா?”

“அதுக்காக? மாதா கோயில் மேடையாச்சே! எனக்கும் அனுப்பினாங்க. தெறக்காமலே அழிச்சிட்டேன்.”

“எனக்கு வரவே இல்ல” என்றார் செயலாளர் றோய்.

“அந்தக் கண்றாவியெல்லாம் நான் பாக்குறதே இல்ல” என்று சிலுவை போட்டுக்கொண்டார் பொருளாளர் றுஷாந்தன்.

“அப்ப எத வச்சு என் புள்ளைய நிறுத்துறீங்க?”

“பொய்னு நிரூபிச்சிட்டா நாங்க ஏன் நிறுத்தப் போறோம்?” தலைவர் பெரிய மனது பண்ணினார்.

அந்த உடம்பு தன்னுடையதல்ல என்று ஒரு பெண் எதைக் காட்டி நிரூபிப்பாள்? மரியகொரட்டி மகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

“சொல்லவே கூச்சமா இருக்குண்ணே. சின்னதுல சுடுதண்ணி கொட்டி, இவளுக்கு இடது தோள்லயிருந்து நெஞ்சு வரைக்கும் பெரிய தழும்பு. அது அந்தப் படத்துல இருக்கா?”

றொஷேல் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

“இல்லையே!” என்றார் மரியநாயகம். “தோளு சுத்தமா இருந்துச்சே!”

“ஆமா, தழும்பே இல்ல” என்றார் றோய்.

“நானும் நல்லா பெருசாக்கிப் பாத்தேன்...” என்று ஆரம்பித்த றுஷாந்தன் பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

மரியகொரட்டி மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

“தழும்பெல்லாம் ஒண்ணும் கெடையாதுண்ணே” என்றாள் மரியகொரட்டி. “யாரும் பாக்கலன்னு சொன்னீங்களே, அதான் கேட்டேன்.”

மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். மரியநாயகத்துக்குக் காது வரை சிவந்துவிட்டது. இந்தப் பிள்ளைக்கு முதல் தங்கச் சங்கிலி போட்டவர் அவர்தான். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். துடைத்தும் நிமிர முடியவில்லை.

“புள்ள பாடட்டும்மா” என்றார் மெதுவாக. “வழக்கம் போல அவதான் மொதப் பாட்டு.”

றொஷேல் எழுந்து வந்தாள்.

“பாடுறேன் ஞானப்பா. ஆனா அன்னைக்கு மட்டும் நீங்க முன்வரிசையில இருக்காதீங்க. எனக்கு என்னமோ உடுப்பில்லாம நிக்கிற மாதிரியே இருக்கும்.”