கடைசியாகப் போன கார்

“அந்தப் பெரியவரை அந்தாண்ட கூட்டிக்கிட்டுப் போங்க மேஸ்திரி! பக்கெட்டுக்கு முன்னாடி வந்து நின்னா நான் எப்படி மண்ணள்றது?”

பொக்லைன் மேலிருந்து ஆபரேட்டர் கத்தினான். கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு வைத்திருந்த பெயர் சிடுமூஞ்சி. சிரித்தால் பல்லுக்கு வரி போட்டுவிடுவார்கள் என்று பயப்படுகிறவன் மாதிரி இருப்பான்.

மேஸ்திரி ஓடினார். முந்தின நாள் மழையில் மலை சரிந்து கடலோர நெடுஞ்சாலையை மூடிவிட்டது. இந்தப் பக்கம் மலை, அந்தப் பக்கம் கடல். சுற்றிப் போகவும் வழியில்லை. விடிந்ததிலிருந்து வண்டிகள் வளைவு தாண்டி வரிசைகட்டி நின்றன.

“ஐயா, கல்லு உருளும். தள்ளி வாங்க.”

பெரியவர் நகரவில்லை. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். “என் பையன் ஆஸ்பத்திரியில கிடக்கான்பா. வண்டியில அடிபட்டுட்டான். நேத்து போன்ல, ‘அப்பா, சீக்கிரம் வா’ன்னான். ஒத்தைப் புள்ள. ஒரு கார் போற அளவுக்கு வழி விட்டாப் போதும்பா.”

மேஸ்திரியும் பிள்ளை பெற்றவர்தான். வரிசை நெடுக நடந்து ஒவ்வொரு டிரைவரிடமும் பேசினார்.

“ஐஸ் உருகினா உருகட்டும். பெரியவர் முதல்ல போகட்டும்” என்றார் மீன் லாரிக்காரர்.

எல்லோரும் ஒதுங்கினார்கள். பெரியவர் வந்த வெள்ளை வாடகைக் கார் வழி மறித்து நட்டிருந்த சிவப்புக் கொடிக்குப் பக்கத்தில் முதல் வண்டியாக வந்து நின்றது. பின் சீட்டில் அவர் மனைவி.

சிடுமூஞ்சியிடமும் விஷயத்தைச் சொன்னார் மேஸ்திரி. அவன் சாப்பாட்டுக்கும் இறங்கவில்லை. மண்ணை வாரி வாரி டிப்பரில் கொட்டிக்கொண்டே இருந்தான். பெரியவர் தள்ளி நின்று, ஒவ்வொரு பக்கெட் நகரும்போதும் ‘அப்படித்தான், அப்படித்தான்’ என்பதுபோலத் தலையாட்டினார்.

வெயில் சாயும்போது அந்த அம்மா காரைவிட்டு இறங்கினாள். சேற்றில் தனியாக நடந்துபோய், மெஷினில் ஏறி, கேபின் கதவைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். சிடுமூஞ்சி என்ஜினை அணைத்தான். கேட்டுக்கொண்டே இருந்தான். தூரத்தில் நின்ற மேஸ்திரிக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

ஒருவழியாக ஒரு வண்டி போகிற அகலத்துக்குப் பாதை திறந்தது. மேஸ்திரி வெள்ளைக் காரைப் பார்த்துக் கையசைத்தார்.

“நிறுத்துங்க!” சிடுமூஞ்சி குதித்து ஓடிவந்தான். “கனத்த வண்டிங்க முதல்ல போய்ச் சேத்தை அமுக்கட்டும். இந்தக் கார் கடைசியாப் போகட்டும்.”

“சேறா? நீதானேடா இப்ப ஜல்லி போட்டுக் கெட்டிப்படுத்தினே?”

“சொன்னாக் கேளுங்க மேஸ்திரி.”

பெரியவர் கைகூப்பினார். “தம்பி, குறுக்க வந்து நின்னது தப்புதான். அந்தக் கோபத்தை இதுல காட்டாதேப்பா.”

சிடுமூஞ்சி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. “சின்ன வண்டி ஐயா. மாட்டிக்கும். உள்ள உக்காருங்க.”

காரை ஓரங்கட்டச் சொல்லி, மெஷினை நகர்த்தி, காருக்கு முன்னால் இரும்புக் கையை இறக்கிவிட்டான்.

“நீயெல்லாம் மனுஷனாடா?” மீன் லாரிக்காரர் ஜன்னல் வழியாகக் காறித் துப்பிவிட்டுப் போனார். பின்னால் வந்தவர்களும் ஆளுக்கொரு வசவு கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அந்த அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கணவர் கையைப் பிடித்து உள்ளே உட்கார வைத்தாள். பையன் சின்ன வயதில் செய்த சேட்டை எதையோ கேட்டாள் போலிருக்கிறது. பெரியவர் சொல்ல ஆரம்பித்தார். நடுவே ஒரு தரம் அவர் சிரிக்கிற சத்தம்கூட வந்தது.

கடைசி வண்டியாக வெள்ளைக் கார் வளைவில் மறைந்தது.

மேஸ்திரி பொறுக்க மாட்டாமல் கத்தினார். “நெஞ்சுல ஈரமே இல்லையாடா உனக்கு? பெத்த புள்ளையைப் பார்க்கத் துடிக்கிறவரை இப்படியா நிறுத்தி வைப்பே?”

சிடுமூஞ்சி மெஷின் நிழலில் குந்தி, துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தான்.

“மத்தியானமே ஆஸ்பத்திரியிலருந்து அந்தம்மாவுக்குப் போன் வந்துடுச்சு மேஸ்திரி. அவர்கிட்ட இன்னும் சொல்லலை. ‘அங்க போய்ச் சேர்ற வரைக்கும்தான் தம்பி அவருக்குப் புள்ள இருக்கான். எங்களைக் கடைசியா அனுப்பு’ன்னாங்க.”