பத்து நிமிஷம் மூச்சடக்கிய கடிகாரம்

அமிர்தகடேசன் வீட்டுச் சுவர்க் கடிகாரம் எப்போதும் பத்து நிமிஷம் முந்திக் காட்டும். ஆபீசுக்குத் தாமதமாகக் கூடாதென்று அவரே முள்ளைத் திருகி வைத்திருந்தார். வீட்டில் எல்லோருக்கும் விஷயம் தெரியும் என்பதால், மணி பார்த்ததும் பத்தைக் கழித்துவிட்டு இன்னொரு காபி குடிப்பார்கள்.

கடிகாரத்துக்குத்தான் மனசு உறுத்தியது. "தினமும் பொய் சொல்றேனே, இதெல்லாம் ஒரு பிழைப்பா?" என்று பக்கத்து ஆணியில் தொங்கிய தினசரி காலண்டரிடம் புலம்பியது.

"சும்மா கிட. கிழிக்க ஆளில்லாம நான் மூணு நாளாச் செவ்வாய்க்கிழமையாவே தொங்கறேன். வாயைத் திறந்தேனா?" என்றது காலண்டர்.

கடிகாரம் கேட்கவில்லை. மதியம் எல்லோரும் குறட்டை விடும் நேரம் பார்த்து, பத்து நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றது. பிறகு பெருமையாக டிக் டிக்கென்று கிளம்பியது. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சரியான நேரம்!

அன்று சாயங்காலம் மைத்துனன் கல்யாணத்துக்கு ரயில் ஏற வேண்டும். குடும்பமே கடிகாரத்தைப் பார்த்தது, வழக்கம்போலப் பத்தைக் கழித்தது, நிதானமாக இன்னொரு காபி குடித்தது. ஸ்டேஷனில் ரயிலின் கடைசிப் பெட்டிதான் கண்ணில் பட்டது.

மூட்டை முடிச்சோடு திரும்பிய அமிர்தகடேசன், கைக்கடிகாரத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். ரெண்டும் ஒரே நேரம்! நாற்காலி போட்டு ஏறி, கடிகாரத்தின் மண்டையில் ஓங்கித் தட்டினார்.

"இத்தனை வருஷம் ஒழுங்கா இருந்த சனியன், இன்னிக்குப் பார்த்துக் காலை வாரிடுச்சே! இனிமே உனக்கு இருபது நிமிஷம்!" என்று முள்ளைத் திருகினார்.

"இருபதா?" என்றாள் அவர் மனைவி அடுப்படியிலிருந்து. "அப்போ நாளையிலேருந்து ரெண்டு காபி குடிக்கலாம்."